மாமாவின் ஐஸ் டப்பா

என் அக்கா வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். உலகத்தில் நடக்கும் அத்தனை கெடுதலுக்கும் சூடுதான் காரணம் என்பது அவர் கட்சி. அக்காவின் கோபத்துக்கும் அதே விளக்கம்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பழைய காரை டிராக் ரேஸுக்கு ஓட்டிப்போவார். நேர்ரோட்டில் கால் மைல், அவ்வளவுதான் பந்தயம். மாமாவின் கார் அதைப் பதினான்கு நொடிக்குள் கடந்ததே இல்லை.

பெட்ரோல் குளிர்ந்தால் இன்ஜின் சீறும் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். பிடித்தது சனியன். ஓர் அலுமினிய டப்பாவுக்குள், ஃபிரிட்ஜுக்குப் போடும் மெல்லிய செம்புக் குழாயைச் சுருட்டி வைத்து, அதன் வழியே பெட்ரோலை விட்டு, சுற்றிலும் ஐஸைக் கொட்டினார். மூன்று வருடமாக இதே கூத்து. வீட்டில் எங்களுக்குக் குடிக்க ஒரு சொட்டு ஜில் தண்ணீர் கிடைக்காது.

போன மாதம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்த சீசன் முடியறதுக்குள்ள பதினாலுக்குக் கீழ வரலைன்னா காரை வித்துடணும்." மாமாவும் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டிவைத்தார்.

கடைசி ஞாயிறும் வந்தது. மாமா ஐஸ் வாங்கப் போன நேரத்தில் அக்கா பானெட்டைத் திறந்தாள். பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது. டப்பாவில் பற்றவைத்த இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது, இன்ஜினுக்கு ஒரு சாண் தள்ளி.

"சொன்னா மறுபடியும் அதையே ஒட்டி மாட்டுவாரு. நீ வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்" என்றாள் என்னிடம். டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குப் போகும்படி டிக்கியில் கிடந்த பழைய ரப்பர் ஹோஸை மாட்டினாள். சிந்தியதைத் துடைத்தாள். மாமா வந்து, வெறும் டப்பாவில் பயபக்தியோடு ஐஸை நிரப்பினார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பந்தயம் முடிந்ததும் நேரம் காட்டும் பலகையில் 13.8 என்று விழுந்தது. மாமா காரிலிருந்து குதித்து, "பாத்தியாடா! எல்லாம் கூலர் பண்ற வேலை!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். பக்கத்துக் கார்க்காரர் தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"அதுல பெட்ரோலே போகலைங்க. கசிஞ்சுது, நான்தான் இணைப்பை மாத்திட்டேன். அந்த ஒல்லிக் குழாய்ல இன்ஜினுக்கு எங்க பெட்ரோல் பத்தும்? மூணு வருஷமா அதைப் பட்டினி போட்டிருக்கீங்க."

மாமாவின் முகம் தொங்கிப்போனது.

"நீ சும்மா இருந்திருந்தா நான் தோத்திருப்பேனே. நீ ஆசைப்பட்டபடி காரும் போயிருக்குமே?"

"உங்களையும் சேத்துல்ல கொண்டு போயிருக்கும்" என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள், அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டாள்.