துவாதசிக் கீரை

மற்றப் பிள்ளைகள் பேய்க்கும் பூச்சாண்டிக்கும் பயந்த வயதில் நான் கீரைக்கட்டுக்குப் பயந்தேன். சிரிக்காதீர்கள். கசக்குமே என்ற பயமில்லை அது. எங்கள் வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுமே என்ற பயம்.

அம்மா ஸ்ரீரங்கத்துப் பெண். அப்பாவுக்குத் துறையூர். இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, காவிரிக்கு இந்தக் கரையில் கே.கே. நகரில் குடியேறியவர்கள். வெங்காயம்கூட நுழையாத வீட்டில் வளர்ந்த அம்மா, தலைக்கறி வரைக்கும் சமைக்கக் கற்றுக்கொண்டு, சாப்பிடவும் பழகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நல்லி எலும்பை உறிஞ்சும் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குக் கறிக்குழம்பு ஊற்றிவிட்டுத் தனக்கு மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டாள். வயிறு சரியில்லை போல என்று நினைத்தோம். அடுத்த வாரமும் அப்படியே. பிறகு முட்டையும் நின்றது. தள்ளுவண்டிக்காரரிடம் தினமும் கீரை வாங்க ஆரம்பித்தாள். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பொரியலைக் கரமது என்றாள், ரசத்தைச் சாத்தமது என்றாள். எல்லாம் அவள் பிறந்த வீட்டுப் பேச்சு. அம்மாவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு மாமி எங்கள் சமையலறையில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

பக்கத்துத் தெருவில் அத்தை இருந்தார், அப்பாவின் அக்கா. அவர் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பாத்துக்கிட்டே இரு தம்பி. இன்னைக்குக் கறி வேணாங்கிறா. நாளைக்கு நாம புழங்குற பாத்திரம் ஆகாதும்பா. அப்புறம் பெட்டியைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிருவா."

"நீ வேறக்கா, சும்மா இரு" என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்ததெல்லாம் எனக்குப் போதவில்லை. ஏனென்றால், மாடிப்படியில் உட்கார்ந்து அம்மா தணிந்த குரலில் செல்போனில் பேசியதை நான் கேட்டிருந்தேன். "விட்டுட்டேன் மன்னி. முட்டைகூடத் தொடறதில்லே. அப்பாகிட்டே சொல்லுங்கோ." மன்னி என்றால் அவளுடைய அண்ணன் மனைவி. அப்படியானால் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, பெட்டி கட்டுவதுதான் பாக்கி.

நானும் ஒரு திட்டம் போட்டேன். நானும் கீரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால், தனக்கு இங்கே துணை இருக்கிறது என்று அம்மா தங்கிவிடுவாள் அல்லவா? குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலையைக் கண்டால்கூட ஒதுக்குகிறவள் நான். முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு விழுங்கினேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு கரண்டி வைத்தாள். இப்படிப் பயத்திலேயே முளைக்கீரை, பசலை, அரைக்கீரை எல்லாம் உள்ளே போயின. ஒரு நாள் சூடான சாதத்தில் நெய் விட்டு, கீரை மசியலைப் பிசைந்து, சுட்ட அப்பளத்தோடு சாப்பிட்டபோது, நாக்கு தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கேட்டது. அன்று பயம் இரட்டிப்பாகிவிட்டது. அம்மாவைப் பிடித்தது என்னையும் பிடித்துவிட்டதோ?

அதற்குப் பிறகு ஒரு துவாதசியன்று, விடிகிற நேரத்தில், பின்பக்கத்து மரத்திலிருந்து அகத்திக்கீரையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு அம்மா ஸ்ரீரங்கம் கிளம்பினாள். ஏகாதசியன்று பட்டினி இருப்பவர்கள் மறுநாள் காலையில் அகத்திக்கீரை சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்கள். அம்மாவின் அப்பா ஓர் ஏகாதசியைக்கூட விடாதவர். நான் அழுது புரண்டு கூடவே தொற்றிக்கொண்டேன். அப்பா எங்களை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். பஸ்ஸில் அம்மாவுக்குத் தெரியாமல் பையைத் தடவிப் பார்த்தேன். மாற்றுச்சேலை எதுவும் இல்லை. இருந்தாலும் காவிரிப் பாலம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கதவைத் திறந்த மாமி, அம்மா போனில் பேசிய அந்த மன்னிதான், பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடையிலேயே நின்றாள். அவள் விளையாடி வளர்ந்த வீடாம் அது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. நான் அதுவரை பார்த்தே இராத தாத்தா, நெற்றி நிறைய நாமத்தோடு கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது கதவிடுக்கில் தெரிந்தது. எனக்கும் மாமி ஒரு சின்னத் தட்டில் கீரை கொண்டுவந்து கொடுத்தார். கசப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மாவுக்காக ஒன்றுவிடாமல் சாப்பிட்டேன்.

"கொழந்தை அகத்திக்கீரை சாப்பிடறதா?" என்று உள்ளிருந்து தாத்தாவின் குரல் கேட்டது.

"நன்னா சாப்பிடுவா, அப்பா" என்றாள் அம்மா.

அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதேயில்லை. போச்சு, இவர்களுக்கு என்னையும் பிடித்துவிட்டது, இனி இருவரையும் உள்ளே போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். "போலாம்மா, போலாம்மா" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. தாத்தா எழுந்து கைகழுவிவிட்டுப் பெருமாள் உள் என்கிற பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமி வெறும் பையை மடித்து அம்மாவிடம் நீட்டி, "வெயிலுக்கு முன்னாடி கெளம்பேன்" என்றார். சாத்திய கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரேன் மன்னி" என்றாள் அம்மா.

தெருவுக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைப் பத்திரமாக மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன்! பஸ்ஸில் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, "நல்லவேளைம்மா, உன்னை யாரும் இருக்கச் சொல்லலை" என்றேன்.

"ஆமாண்டி, சொல்லலை" என்றாள்.

இருந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அந்த வீட்டில் யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அவள் அத்தனை மாதம் வாயைக் கட்டியிருந்தாள். அதெல்லாம் புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது, என்னைப் போலவே அம்மாவுக்கும் பயம் தெளிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.