இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு

மாமா செத்த அன்று அம்மா போகவில்லை. ஹல்துமுல்லைக்குப் போக வேன் பிடித்து வாசலில் நிறுத்தினேன். "நீ போயிட்டு வா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கூடப் பிறந்த ஒரே தம்பி! அக்கா வந்து ஒப்பாரி வைப்பாள் என்று பெட்டியை எடுக்காமல் சனம் காத்துக் கிடந்தது. "கல்நெஞ்சுக்காரி பெத்த மக" என்று என் காதுபடவே சொன்னார்கள். நாலு வருஷமாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

மாமா பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். வாலிபத்தில் கொழும்புக்குப் போய் ஒரே ஒரு இசைத்தட்டுப் போட்டார். அது விற்கவுமில்லை, எங்கள் வீட்டுப் படி ஏறவுமில்லை. ஊரே மறந்துபோன அதை யாரோ வெள்ளைக்காரர்கள் தேடியெடுத்து, இந்த வருஷம் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். மாமி எனக்கொன்று கொடுத்தனுப்பினார். செத்தவரோடு என்ன பகை? அம்மாவைக் கேட்க வைத்தே தீருவதென்று முடிவு கட்டினேன். பதுளை பஜாரில் ரேடியோ திருத்தும் கடைக்கார நானாவிடம் இசைத்தட்டு பிளேயரை இரவல் வாங்கிவந்தேன்.

அட்டையில் மாமாவின் படத்தைப் பார்த்ததுமே அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"எடுத்துட்டுப் போடி அந்தச் சனியன."

"சாவுக்குத்தான் போகல. கொரலக் கேட்டாலாவது என்ன கொறஞ்சிரும்?"

"போடாத. சொன்னாக் கேளு."

"எத்தன நாளைக்குத்தான் இந்த வீம்பு?" என்று கத்தினேன். கத்துவதில் நான் யாருக்கும் சளைத்தவளில்லை.

இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு, 'தாலாட்டு' என்று அட்டையில் போட்டிருந்தது. தாலாட்டென்றால் எந்த மனசும் கொஞ்சம் இளகும் என்று கணக்குப் போட்டு அதிலேயே ஊசியை வைத்தேன்.

மலைய விட்டு எறங்கி வாரேன்
மாரு ரெண்டும் கனக்குதம்மா
தூளியில ஏன் அசையல
தூங்குனது போதுமம்மா

தூங்க வைக்கிற பாட்டில் 'தூங்குனது போதும்' என்று ஏன் வருகிறது? யோசித்தபடி திரும்பினேன். அம்மா குசினிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவின் குரல் அடுத்த அடிக்கு வருமுன் அம்மாவின் உதடுகள் அதைச் சொல்லி முடித்தன. அதற்கடுத்ததையும். ஊசியைத் தூக்கிவிட்டேன்.

"தாலாட்டுன்னா போட்டிருக்கான்?"

"ஆமா."

"ஒனக்கு முந்தி ஒன்னு இருந்துச்சு. பொம்பளப்புள்ள. ஸ்பிரிங்வெளி தோட்டத்துல. ஏழு மாசம்."

எனக்கு ஓர் அக்கா இருந்ததே அப்போதுதான் தெரியும்.

"பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட குடுத்துட்டு கொழுந்து பறிக்கப் போனேன். காலைல நல்லாத்தான் சிரிச்சுச்சு. பகலைக்குப் பால் குடுக்க எறங்கி வாரேன், தூளியில கெடக்கு. தூங்குதுன்னு ஆயா சொல்றா. தூக்குனா கழுத்து நிக்கல."

சுற்றிக்கொண்டிருந்த பிளேயரை நிறுத்தினேன்.

"புள்ளைய லயத்து வீட்டுல போட்டு அன்னிக்கு முழுக்க ஒப்பாரி வச்சு அழுதேன். ஒன் மாமன் பக்கத்துல ஒக்காந்து அம்புட்டையும் கேட்டுக்கிட்டிருந்தான். அடுத்த திருவிழாவுல மேடையேறி அதயே பாடுறான்டி. புள்ள செத்ததச் சொல்லி அழுது முடிக்கிற எடத்த மட்டும் வெட்டிட்டான். சனம் கைதட்டுது. நான் புள்ளையப் பறிகுடுத்துட்டுக் கீழ நிக்கிறேன்."

பாவி மனுஷன். அந்த ஆளுக்காகவா நாலு வருஷம் அம்மாவோடு மல்லுக்கு நின்றேன்? அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்காகச் சாவுக்குமா போகாம இருக்கிறது?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போனா அக்காகாரி ஒப்பாரி வைக்கணும்ல? எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான். எம்புள்ளைக்கு வச்சத, அத எடுத்துட்டுப் போனவனுக்கே வைக்கச் சொல்றியா?"