அவர் நடத்திய ஒரே வழக்கு

என் கைக்கடிகாரத்தை, என்னோடு ஜூனியர் வக்கீலாக இருந்த அவர் ஒரு சனிக்கிழமை மதியம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலை திருப்பிக் கொடுத்தபோது அதன் தோல்பட்டை வியர்வையில் ஊறி வெளுத்திருந்தது. "இன்னாங்க, இதைக் கட்டிக்கினு கெணத்துல குதிச்சீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு நாற்பது பக்க நோட்டை என் மேஜைமேல் வைத்தார். ஜவ்வாது மலையில் ஒரு சரிவிலிருந்து வன அலுவலகம் வரைக்கும், தலையில் மரக்கட்டையைச் சுமந்தபடி நடந்து பார்த்திருக்கிறார். எந்த ஓடையை எத்தனை மணிக்குத் தாண்டினார், எந்தப் பாறையருகே சுமையை இறக்கி மூச்சு வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. மொத்தம் ஆறு மணி பத்து நிமிடம்.

எழுபதுகளின் கடைசி அது. திருப்பத்தூரில் ஒரே சீனியர் வக்கீலிடம் நாங்கள் இருவரும் ஜூனியர்களாக இருந்தோம். எனக்கு அந்த இடம் தானாகவே கிடைத்தது. என் அப்பா கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சீனியரும் அவரும் நண்பர்கள். பட்டம் வாங்கிய மறுவாரமே நாற்காலி போட்டுவிட்டார்கள். கடிகாரம் வாங்கிப்போனவரோ, மலையில் காவலூருக்கும் அப்பால், பஸ் போகாத ஒரு மலையூர்க்காரர். அந்தப் பக்கத்தில் பி.எல். படித்த முதல் ஆள். சென்னையில் தன்னைவிட வசதியான பையன்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்துப் படித்து முடித்தவர். நான்கு சீனியர்கள் இடமில்லை என்று சொன்ன பிறகு எங்கள் ஆபீசுக்கு வந்து, மூன்று மாதம் வாசலிலேயே நின்றார். மலையிலிருந்து வரும் கட்சிக்காரர்களிடம் பேச ஆள் வேண்டுமே என்று சீனியர் சேர்த்துக்கொண்டார். அதனால் கறுப்பு கவுனைப் போட்டுக்கொண்டு அவர் செய்ததெல்லாம், சாட்சிகளைக் கூட்டி வருவதும் அவர்கள் சொல்வதை எங்களுக்கு விளக்குவதும்தான். ஒரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் நீதிபதிமுன் வாய் திறந்ததில்லை.

என்னைவிட இரண்டு வயது பெரியவர். என்னை "இன்னாபா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மலைப் பேச்சைக் கேட்டு வக்கீல்கள் அறையில் சிலர் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த நோட்டு, சந்தனமரம் வெட்டியதாக அவருடைய ஊர்க்காரர்கள் ஐந்து பேர்மேல் போட்ட வழக்குக்காக. மதியம் மூன்று மணிக்கு மலைச் சரிவில் கட்டைகளோடு பிடித்து, அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே நடத்திக் கூட்டிவந்து அலுவலகத்தில் ஒப்படைத்ததாக வனக் காவலர் எழுதியிருந்தார். காகிதத்தில் படித்த எங்களுக்கு அதில் எதுவும் உறைக்கவில்லை. அந்த வழியில் நடந்து வளர்ந்தவருக்கு ஒரே பார்வையில் உறைத்தது. இரண்டு மணி நேரத்தில் அந்த மலையை இறங்க முடியாது. சுமையோடு முடியவே முடியாது. பிடித்த இடம் பொய்யென்றால் வழக்கே பொய்.

விசாரணை நாளன்று சீனியர் சென்னைக்குப் போயிருந்தார். வாய்தா வாங்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். மாஜிஸ்திரேட் வாய்தா கொடுக்க மறுத்துவிட்டார். காவலர் கூண்டில் ஏறிவிட்டார். "குறுக்கு விசாரணை யார் செய்யப் போகிறீர்கள்?" என்று மேலிருந்து கேள்வி வந்தது. பின்னால் நின்ற ஐவரில் மூத்தவர், "எங்க ஆளே கேக்கட்டும் சாமி" என்றார். என் பக்கத்தில் இருந்த அவர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். முழுதாக எழவில்லை, பாதிதான் எழுந்திருந்தார். நான் அவர் கவுனைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாங்க. இந்த மாஜிஸ்திரேட்டு கோவக்காரரு. ஒரு வார்த்த தப்பாப் போச்சின்னா அஞ்சு பேரும் உள்ள போய்டுவாங்க. நான் நிக்கறேன், நோட்டக் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஐந்து பேரைப் பார்த்தார். நோட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்து பேரின் விடுதலைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நோட்டைப் படித்தபோதே அந்தக் கேள்விகளை நான் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. கேட்டேன். அவர் எழுதியிருந்த வரிசையிலேயே, ஓடை ஓடையாக, பாறை பாறையாகக் கேட்டேன். எட்டாவது கேள்வியில் காவலர் தண்ணீர் கேட்டார். பத்தாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் ஐவரும் விடுதலை. தீர்ப்பில் என் பெயரைச் சொல்லி ஒரு வரி பாராட்டும் இருந்தது.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் சீனியர் ஆபீஸில் தீர்ப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிரமாதம்யா. இந்த நடை தூரத்தைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தாங்க சார்."

நோட்டு எழுதியவர் எனக்குப் பின்னால் வழக்குக் கட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அடுக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு கிரிமினல் வழக்குகளெல்லாம் என் மேஜைக்கு வந்தன. அவர் பழையபடி சாட்சிகளைக் கூட்டி வந்தார். ஏழெட்டு மாதம் கழித்து, மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு விடுதியில் வார்டன் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி விடைபெற்றார். பஸ் நிலையம்வரை கூடப் போனேன். ஏறப்போகும்போது சொன்னார்: "நீயா சொல்லுவேன்னு பாத்துனு இருந்தேம்பா." கோபமாகச் சொல்லவில்லை. அவர் ஏறியதும் பஸ் கிளம்பிவிட்டது.

ஐந்தாறு வருடம் கழித்து, ஒரு நிலத்தகராறில் இடத்தைப் பார்த்து அறிக்கை தரும் கமிஷனராகக் கோர்ட் என்னை மலைக்கு அனுப்பியது. ஊர்க்காரர்களுக்கு உதவியாக அவர் வந்திருந்தார். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. "வாங்க சார்" என்றார். அந்தச் 'சார்' என்னைக் குத்தியது. நிலத்துக்காரரின் மகள் அந்த வருடம்தான் பத்தாவது தேறியிருந்தாள். வரைபடத்தில் எல்லைக்கல் தவறாகக் குறித்திருந்ததை சர்வேயருக்கு முன்பே அவள் கண்டுபிடித்துச் சொன்னாள். நான் அசந்துபோய் அவள் அப்பாவிடம், இவளை வக்கீலுக்குப் படிக்க வையுங்கள் என்றேன்.

நிலத்துக்காரர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் எங்களுக்கு ஒத்துவராதுங்க. இதோ இவரு படிச்சாரே, இன்னா ஆச்சி? கோர்ட்ல எழுந்து நின்னா பேச்சே வரலியாம். வேற ஒரு வக்கீலு பேசித்தான் எங்க ஆளுங்கள வுடுவிச்சாராம். படிச்சாலும் நம்ம வாய்க்கு அங்க வராதுங்க."

வார்டனாகிவிட்ட அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. இத்தனை வருடமும் மறுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. "அந்த வேற வக்கீல் நான்தாங்க" என்றேன். மிச்சத்தையும் சொல்லிவிடத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் அந்த மனிதர் தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டு, கண்கள் நிறைய என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களா சாமி அது! எங்க மாமனும் அதுல ஒருத்தருங்க. வூட்டாண்ட வந்து ஒரு வாய் சாப்புட்டுத்தான் போவணும்."

மிச்சத்தை நான் சொல்லவில்லை. "வெயிலு எறங்குது சார், அளந்துடலாம்" என்று வார்டன்தான் என்னைக் காப்பாற்றினார். எதிலிருந்து காப்பாற்றினார் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அந்த வீட்டில் தினைக்களியும் கீரையும் சாப்பிட்டேன். பரிமாறிய அந்தப் பெண்ணுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் செய்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த மலையிலிருந்து இன்னொருவர் கவுன் போட்டுக்கொண்டு எங்கள் கோர்ட்டுக்கு வர எத்தனையோ வருடம் ஆயிற்று. ஒரு பொய் ஒரு ஆளை மட்டும் தள்ளிவிடுவதில்லை. அவருக்குப் பின்னால் வரவிருந்தவர்களையும் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

போன வாரம் எங்கள் கோர்ட்டில் ப்ராக்டிஸ் செய்யும் ஒரு இளம் பெண் வக்கீல் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மலையிலிருந்து வந்தவள், அவருடைய விடுதியில் தங்கிப் படித்தவள். அவர் இறந்துவிட்டார் என்றாள். வக்கீல்கள் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைக்கக் கேட்டிருக்கிறாள். அவர் பெயர் இங்கே யாருக்கும் தெரியவில்லை. நீங்கள்தான் அவரோடு இருந்தவர் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"அவரு ஏன் சார் ப்ராக்டிஸை வுட்டாரு? நாங்க எத்தினி தபா கேட்டாலும் சிரிப்பாரு, சொல்லவே மாட்டாரு. ஒரு கேஸாவது நடத்தினாரா?"

"ஒண்ணு நடத்தினாரும்மா. ஜெயிச்சாரு."

அவள் முகம் மலர்ந்தது. "கட்டுல அவரு பேரு இருக்குமா சார்? எடுத்துப் படிக்கணும்."

"இருக்காது. என் பேருதான் இருக்கும்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்த அவள் என்னைக் கும்பிடவில்லை, திட்டவுமில்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள் நின்றாள்.

"கூட்டத்துல இத நீங்களே எழுந்து சொல்லுவீங்களா சார்?"

வெள்ளிக்கிழமை கூட்டம். மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். முதல் வரிக்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.