தாளில் முதல் பெயர்

1. டேப் பிடித்த நாள்

முதலாளி டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அந்தக் கோடிக்குப் போ குமரேசா" என்றார். போனேன். தொண்ணூற்றிரண்டு அடி. அகலம் நாற்பத்தொன்பது. எனக்கு அது டேப் இல்லாமலே தெரியும். அந்தப் பேஸ்கட்பால் கோர்ட்டுக்கு இருபது வருடமாகப் பெயின்ட் கோடு போட்டவன் நான்.

"பத்து சேசிஸ் நிக்கும்" என்றார் முதலாளி.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் எங்களுடையது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. கம்பெனியிலிருந்து வண்டி வெறும் எலும்புக்கூடாக வரும். எஞ்சின், சக்கரம், நீளமாக இரண்டு இரும்பு. அதுதான் சேசிஸ். டிரைவர் ஒரு பலகையைப் போட்டு அதில் உட்கார்ந்து, முகத்தில் துண்டைக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு எத்தனையோ நூறு மைல் ஓட்டி வந்து சேருவார். நாங்கள் அதற்குக் கேபின், பாடி, பெயின்ட், லைட் எல்லாம் போட்டு லாரியாக்கி அனுப்புவோம். ஆர்டர் அதிகமானால் சேசிஸ் நிறுத்த இடம் இருக்காது. ரோட்டோரம் நிறுத்தினால் போலீஸ் வரும். பட்டறைக்குப் பின்னால் எங்கள் பேஸ்கட்பால் கோர்ட் சிமென்ட் தளத்தோடு காலியாகக் கிடக்கும். காலி என்பது முதலாளியின் கணக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் முப்பது பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் அந்தப் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். கோச்சும் நான்தான். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு ரூல் புக், அப்புறம் செல்போன் வீடியோ, அதற்கும் அப்புறம் தோல்விகள். இந்த வரிசையில் கற்றுக்கொண்டேன். இப்போது ஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. கோச் வேலைக்குச் சம்பளமும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

"இந்த வருசம் லீக்குல மொத நாலு டீமுக்குள்ள வந்தீங்கன்னா கோர்ட்டு உங்குளுது. வரலீன்னா சேசிஸுக்கு. செரியா?" என்றார் முதலாளி.

"செரிங்க."

"மூஞ்சிய ஏன் இப்புடி வெச்சிருக்கற? மூணு வருசமா கடைசிலதான் நிக்கறீங்க. ரோட்டுல நிக்கற சேசிஸுகூட உங்களவிட முன்னால நிக்குது."

இந்த மாதிரிப் பேச்சுகளை நான் ஸ்டாக் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். இதையும் அன்றைக்கே எழுதினேன்.

2. தறிக்காரப் பையன்

எங்கள் லீக்கில் எட்டு டீம். அந்த வருடம்தான் ஆள் எடுப்பதற்குப் புது முறை கொண்டுவந்தார்கள். டிராஃப்ட் என்று பெயர். ஒவ்வொரு டீமும் பழைய ஆட்கள் ஏழு பேரை வைத்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்களுக்குச் சேலத்தில் ஒரு நாள் ட்ரயல் நடக்கும். பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டு, வந்த வரிசைப்படி ஒவ்வொரு டீமாக ஒவ்வொருவரை எடுக்க வேண்டும்.

"ஏலமா?" என்று கேட்டார் முதலாளி.

"ஏலமில்லைங்க. காசு கிடையாது. முறை வந்தா பேரைச் சொல்லோணும், அவ்வளவுதான்."

"காசில்லாம ஆளு எடுக்கறதா? இதைய முன்னாலயே கண்டுபுடிச்சிருக்கலாமே!"

எங்கள் டீமில் இல்லாதது பிவட். கூடைக்கு அடியில் நின்று, துள்ளி வருகிற பந்தைப் பிடிக்கும் உயரமான ஆள். இருந்தவருக்கு முழங்கால் போய்விட்டது. ஸ்டோர் கீப்பருக்கு இது சுலபமான விஷயம். எது இல்லையோ அதை எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். தங்கத்தில் போல்ட் வந்தாலும் சரி, பெட்டியில் போல்ட் இருந்தால் வேண்டாம். நட்டு இல்லையென்றால் நட்டுதான் வேண்டும்.

ட்ரயலில் பிவட் ஒருவன் இருந்தான். ஆத்தூர்ப் பக்கத்துத் தினேஷ். ஆறடி ஐந்து அங்குலம். வாசலில் குனிந்துதான் வந்தான். நல்ல பையன், அடக்கமான பையன். எட்டாவதோ ஒன்பதாவதோ எடுக்க வேண்டிய ஆள் என்று தாளில் குறித்தேன்.

தாளில் முதல் பெயர் வேறு. குமாரபாளையம் மணிகண்டன். உயரத்தில் என் காது வரைதான் வருவான். பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை ஏற்றி வந்து ஆட்டத்தை நடத்துகிறவன். விசைத்தறிக் குடும்பம். ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தான். தலைமுடியில் பஞ்சு. எதிரி பந்தை எந்தப் பக்கம் விடப்போகிறான் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் ஏழு பந்தைப் பறித்தான். நான் எண்ணினேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். "எப்படித் தம்பி கண்டுபிடிக்கற?"

அவன் பேசியது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். "தறி ஓடுறப்ப காதுல ஒண்ணும் ஏறாதுங்க! மூஞ்சியப் பாத்துத்தான் பேசிக்குவோமுங்க! வாய் தொறக்கறதுக்கு முன்னாலயே என்ன கேக்கறாங்கன்னு தெரிஞ்சிரோணும்! அதே பழக்கந்தானுங்க!"

பக்கத்தில் நின்றிருந்த ஜவ்வரிசி ஆலை டீமின் கோச் இதைக் கேட்டுச் சிரித்தார். அவரும் தாளில் ஏதோ எழுதினார்.

3. மூன்று நிமிடம்

அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் டிராஃப்ட் நடந்தது. ஒரு டீமுக்கு மூன்று நிமிடம். முடிந்தால் பள்ளிக்கூட மணியை அடிப்பார்கள். சீட்டில் எங்களுக்கு இரண்டாவது முறை வந்தது. முதல் டீம் ஒரு ஷூட்டரை எடுத்துக்கொண்டு போனது. மணிகண்டன் இருந்தான். தினேஷும் இருந்தான்.

முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். "ஆருப்பா நல்ல ஆளு?"

"நல்ல ஆளு மணிகண்டனுங்க. நமக்கு வேணுங்கறது தினேஷுங்க."

"அதென்ன, நல்ல ஆளு நமக்கு வேண்டாமா?"

"நம்மகிட்ட கார்டு ரெண்டு பேர் இருக்கறாங்க. அந்தோணி இருக்கறான். பிவட்தான் இல்லை."

முதலாளி போண்டாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல சேசிஸ் வந்து வாசல்ல நிக்குது. நாம அளவெடுத்து வெச்ச பாடி அதுக்குச் சேராதுன்னு திருப்பி அனுப்புவமா? பாடிய அதுக்குத் தகுந்தாப்புல கட்டிக்க மாட்டமா?"

"பேஸ்கட்பால் வேறைங்க."

"செரி, உன்ற வேலை. நீ பாரு. எனக்குச் சட்னி சொல்லு."

இங்கே அந்தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கேப்டன். பட்டறையில் எலக்ட்ரீசியன், லாரி பாடிகளுக்கு வயரிங் செய்கிறவன். வயது முப்பத்து நாலு. பன்னிரண்டு வருடம் எங்கள் டீமுக்குப் பந்து ஏற்றியவன். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக மேட்சுக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவார்கள். மணிகண்டன் வந்தால் அந்தோணி ஆடாமல் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளைகள் பெஞ்சைப் பார்க்க வேண்டும். நான் அவனுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

இதில் எதையும் நான் முதலாளியிடம் சொல்லவில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. "டீமுக்குப் பிவட் தேவை" என்பது பொய்யில்லை. அதனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மைக்கில் "தினேஷ்" என்றேன்.

ஜவ்வரிசி ஆலை கோச்சுக்கு அடுத்த முறை. அவர் மூன்று நிமிடமும் எடுத்துக்கொள்ளவில்லை, நாற்காலியில் சரியாக உட்காரவும் இல்லை. "மணிகண்டன்" என்றார். பிறகு மைக்கைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றார். மண்டபமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

4. தேவை பூர்த்தியானது

தினேஷைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த சீசனில் கூடைக்கு அடியில் விழுந்த பந்தெல்லாம் அவனுடையது. பிடித்துக் கீழே இறங்கியதும் "இப்ப இன்னா பண்றது சார்?" என்று என்னைப் பார்ப்பான். பந்து அவனிடம் இருக்கும். அதை வாங்கி மறுபக்கம் வேகமாகக் கொண்டுபோக ஆள் இருக்காது. அந்தோணியின் கால்கள் முதல் பாதிவரை வரும். இரண்டாவது பாதியில் மனசு மட்டும் வரும்.

ஆறு மேட்சில் மூன்று ஜெயித்தோம், மூன்று தோற்றோம். கடைசி மேட்சை ஜெயித்தால் நாலாவது இடம், கோர்ட் எங்களுக்கு. எதிரி யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

மணிகண்டனை அந்தோணிதான் மறித்து ஆட வேண்டும். அவன் உயிரைக் கொடுத்து ஆடினான். கடைசி நிமிடத்தில் இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம், பந்து எங்களிடம். கூடைக்கடியில் தினேஷ் கையைத் தூக்கிக்கொண்டு, மறிக்க ஆளில்லாமல் நிற்கிறான். அந்தோணி அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். மணிகண்டனுக்கு அந்த ஒரு பார்வை போதும். பந்து அந்தோணியின் கையை விட்டபோது மணிகண்டன் நடுவில் இருந்தான். பிறகு எங்கள் எல்லோருடைய முதுகுக்கும் பின்னால், எங்கள் கூடைக்கடியில் இருந்தான். நாலு பாயிண்டில் தோற்றோம்.

மேட்ச் முடிந்ததும் மணிகண்டன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "நீங்க எடுப்பீங்கன்னுதான் நெனச்சனுங்க! குமாரபாளையத்துக்கு நாமக்கல் கிட்டக்கத்தானுங்களே!" அத்தனை பேர் முன்னால், அந்தக் குரலில்.

5. அந்தோணி கேட்டது

வெளியே டீக்கடையில் நானும் அந்தோணியும் நின்றோம். டீ ஆறியது. பிள்ளைகள் இரண்டும் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பையனை எனக்காகத்தான் உட்டீங்களாங்ணா?" என்றான்.

"பிவட் இல்லை அந்தோணி, அதனால..."

"ட்ரயல் அன்னிக்கு நீங்க எழுதுன தாளு ஸ்கோர் புக்குக்குள்ளயேதான் இருந்துச்சு. மொதப் பேரு மணிகண்டன். தினேஷ் எட்டாவது."

"எப்பப் பார்த்த?" என்றேன்.

"டிராஃப்டுக்கு முன்னாலயே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

டீயைக் கீழே ஊற்றினான். "அவனையே எடுங்கன்னு சொன்னா நான் பெஞ்சுக்குப் போயிருக்கோணும்லங்ணா. நீங்க எனக்கு ஒரு வருசம் குடுத்தீங்க, நான் கம்முனு வாங்கிக்கிட்டேன். பெஞ்சுல உக்காந்திருந்தா கோர்ட்டாவது மிஞ்சியிருக்கும்."

இதை ரிஜிஸ்டரில் எழுதவில்லை. எழுதாமலே இருக்கிறது.

6. பாதி

திங்கட்கிழமை காலை சேசிஸ் வந்துவிட்டன. முதலாளி சொன்னால் சொன்னதுதான். கேட் பக்கத்துப் பாதியில் ஐந்தை வரிசையாக நிறுத்தினார்கள். நடுவட்டத்தின் மேல் ஒரு டயர். கேட் பக்கத்துக் கூடைக்கு அடியில் ஓர் எஞ்சின்.

அந்தோணி கையில் டெஸ்டரோடு வந்து முதலாளி முன்னால் நின்றான். "தோத்தது என்னாலதானுங்க" என்றான்.

"ஆராலயோ. தோத்தாச்சு." முதலாளி மறுபடியும் டேப்பை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு, உள்பக்கத்துப் பாதிலயும் நிறுத்துனா, பின்னால நிக்கறதை எடுக்கோணும்னா முன்னால நிக்கற அஞ்சையும் எடுக்கோணும். பெரிய ரோதனை. அதனால அந்தப் பாதி உங்குளுக்கே இருக்கட்டும். பொழச்சுப் போங்க."

ஆக, எங்கள் பாதிக் கோர்ட்டைக் காப்பாற்றியது என் கோச்சிங் இல்லை, அந்தோணியின் நேர்மை இல்லை, ரிவர்ஸ் கியர்.

டீமையும் அவர் கலைக்கவில்லை. பனியனில் பட்டறை பெயரை அச்சடித்தாகிவிட்டதாம். பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் பாதியில் ஆடுகிறார்கள். பந்து சேசிஸுக்கு அடியில் ஓடிவிட்டால் அந்தோணிதான் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்து எடுப்பான். வயரிங்காரனுக்கு அந்த இடம் பழக்கம். முழு நீளம் ஓடிப் பழக முடியாததால் எங்கள் ஆட்களுக்கு மேட்சில் மூச்சு வாங்குகிறது. அது என் கணக்கில் எழுத வேண்டியது.

புதிதாக டீம் எடுக்க வருகிற தம்பிகள் என்னிடம் கேட்கிறார்கள், தேவைக்கு எடுப்பதா, திறமைக்கு எடுப்பதா என்று. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தேவைக்கு எடுத்து ஜெயித்தவர்களும் உண்டு, திறமைக்கு எடுத்துத் தோற்றவர்களும் உண்டு. தாளில் முதலில் எழுதிய பெயரை அடிக்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தால், அது மிக நல்ல காரணமாக இருந்தால், அப்போதுதான் கொஞ்சம் பயப்படுங்கள். நான் அடித்தபோது என் காரணம் ஒரு குற்றமும் சொல்ல முடியாததாக இருந்தது.

அடுத்த வருட டிராஃப்டில் முதலாளிக்குப் பதில் அந்தோணி என் பக்கத்தில் உட்கார்ந்தான். தினேஷ் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தான். மறுபடியும் பிவட் இல்லை. எங்கள் முறை வந்தபோது தாளில் முதல் பெயர் சங்ககிரிப் பையன் ஒருவன். பாயிண்ட் கார்டு. மணி அடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

"நமக்கு வேணுங்கறது பிவட்தானே அந்தோணி?" என்றேன்.

அவன் மேடையையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "நமக்குன்னா, ஆருக்குங்ணா?"

மைக்கை வாங்கி அவனிடம் கொடுத்தேன். சங்ககிரிப் பையனின் பெயரைச் சொன்னது அந்தோணிதான். சொல்லிவிட்டு, பெஞ்சு இப்போதே வந்துவிட்டதுபோல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.