தோளில் ஊரார் மூட்டை

தோளில் ஒரு பை மட்டும் போதும், ஜாலியாகச் சுற்றலாம் என்று சொல்லித்தான், சென்னைக்குப் போகிற வழியில் இஸ்ரத்தைத் தாய்லாந்துக்கு அழைத்து வந்திருந்தான் அவள் கணவன் ஆதிஃப். சியாங் ராயில் விடுதி தேடி நடந்ததில் அவளுக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. பையில் அவள் துணி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அவர்கள் வசிக்கும் காப்பெல் நகரத்து ஆன்ட்டிகள் ஊரிலுள்ள சொந்தங்களுக்குக் கொடுத்தனுப்பிய விட்டமின் மாத்திரை, பாதாம், சாக்லேட்.

“யார் கேட்டாலும் ‘நோ’ சொல்ல வாயே வராதா உங்களுக்கு?”

“இனிமே யார்கிட்டயும் வாங்க மாட்டேன், ப்ராமிஸ்.”

பசிக்கு ஒதுங்கிய ஹலால் கடையின் முதலாளி தமிழர். எங்கே பயணம் என்று விசாரித்தார்.

“சென்னைக்கா போறீங்க தம்பி? எங்க உம்மாவுக்கு ஒரு சின்ன பார்சல்...”

இஸ்ரத் திரும்பி முறைத்தாள். ஆதிஃப் அதற்குள் ஜிப்பைத் திறந்து, அவள் துணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான்.