தனலெட்சுமி அக்காவின் காப்பு

இன்சுலின் செய்யும்படி பாக்டீரியாவை மாற்றி அமைத்தவர்கள் எங்கோ இருக்கிற படித்தவர்கள். மலேசியாவில், ஷா ஆலம் மருந்துத் தொழிற்சாலையில் அதற்குத் தீனி போட்டு, சூடு பார்த்து, பதினொரு வருஷமாகத் தொட்டியில் வளர்த்தவர் கிள்ளான் தனலெட்சுமி அக்கா. நுரை பொங்குவதைப் பார்த்தே தொட்டிக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். அவர் கணவரும் தினமும் இன்சுலின் போடுகிறவர்தான். இந்த வருஷம் காலில் ஆறாத புண், காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள் டாக்டர்கள். அக்கா பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்து, காப்புக் கட்டி, லீவில் விரதம் இருந்தார்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு மேலாளர் சுகுமாறன் போன் செய்தார். ஆள் இல்லை, வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றார். தொட்டி அறைக்குள் கயிறு, வளையல் எதுவும் கூடாது. வருஷா வருஷம் காவடி எடுக்கிற மனுஷன் அவர். நேர்த்தி முடியும் முன் காப்பை அறுப்பது என்னவென்று நன்றாகத் தெரிந்தவர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

உடை மாற்றும் அறையில் அக்கா அழுதுகொண்டே கயிற்றை வெட்டினார். எதை எடுத்தாலும் பையில் போட்டு, தேதி, நேரம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை வழக்கம். அந்த அழுகையிலும் வெட்டிய காப்புக்கு அவர் கை அதைத்தான் செய்தது. இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

அன்று தொடங்கிய தொட்டியில் வேறு கிருமி புகுந்து எல்லாம் வீணானது. தைப்பூசம் முடிந்து வந்ததும் விசாரணை. 'காப்போடு உள்ளே போனது என் தவறு' என்று சுகுமாறனே கடிதம் அடித்து, அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை போகும். அக்கா காப்பு இருந்த அந்தப் பையை மேசையில் வைத்தார்.

"இதை நேத்து கூட எழுதியிருக்கலாம் லா," என்றார் சுகுமாறன். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக் கடன் நினைவு வந்து நான் தலையைக் குனிந்தேன். அந்தச் சில நொடிகளுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

"என் கையெழுத்துதான் சார்," என்றேன் கடைசியில். "தொட்டி மூடி ரப்பர் தேஞ்சு போச்சுன்னு அக்கா பதிவேட்டுல மூணு தடவை எழுதியிருக்காங்க. மூணுலயும் கீழ உங்க கையெழுத்து இருக்கு."

சுகுமாறன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி தனம், நடந்ததை விடு, போய் வேலையைப் பார் என்றார்.

அக்கா எழுந்து, காப்புப் பையை அவர் பக்கம் நகர்த்தி, வெறும் மணிக்கட்டை நீட்டினார்.

"வேலை இருக்கட்டும் சார். கட்டி விடுங்க."