நாலாவது புள்ளிக்கு ஒரு சாக்கு

வானத்தை ஆராய்கிற வேலையில் இருப்பவர்கள் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது ரொம்ப அபூர்வம். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில் எங்கள் தொலைநோக்கி இமயமலையில் இருந்தது. நாங்கள் பெங்களூருக்கு வெளியே ஓர் அறையில் உட்கார்ந்து, சாட்டிலைட் இணைப்பு வழியாக அதை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில் பகல் தூக்கம் தூங்கிப் பழகிய நைட் ஷிஃப்ட் மக்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களிடம் சொன்னால்தான் புரியும்.

என் பங்குக்கு வந்தது ஒரே ஒரு கேலக்ஸி. நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை. அகப்பட்டதையெல்லாம் அது விழுங்கும். உள்ளே விழுகிற வாயு சூடேறி, நடுப்பகுதி கண்ணைப் பறிக்கும். சுற்றிலும் மங்கலாக நாலு புள்ளிகள். அவை அந்தக் கேலக்ஸிக்குச் சொந்தமா, இல்லை எங்கோ பின்னால் இருந்துகொண்டு பக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறவையா? புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். மூன்றைப் பார்த்தாயிற்று, மூன்றும் அந்நியம். நாலாவது இருக்கிறதிலேயே மங்கல். இந்த சீசனில் அதை முடிக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். என் வேலையும் அதோடு போகும்.

சீயிங்

எங்கள் தொழிலில் 'சீயிங்' என்றால் காற்று எவ்வளவு அசையாமல் இருக்கிறது என்று அர்த்தம். காற்று நடுங்கினால் படம் கலங்கிவிடும். ஒரு நாள் சாயங்காலம் அல்சூர் வீட்டிலிருந்து, கூட வேலை பார்க்கும் ஷோபாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "சீயிங் எப்படி? பரவாயில்லையா? மூணு பாத்தாச்சு, மூணும் சரிப்பட்டு வரல. நாலாவதையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம். இதை விட்டா வேற சான்ஸே இல்லப்பா."

பிரேசர் டவுனிலிருந்து வந்திருந்த அத்தை ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜாதகம் எடுத்திருந்த சமயம் அது. நான் போனை வைத்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்: "என்ன அண்ணி இது, மூணு மாப்பிள்ளை பாத்து வேணாம்னு வேற சொல்லியிருக்கா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே! நாலாவது பையனாச்சும் நம்ம ஜனமா?"

குடை

எனக்கு ஒதுக்கிய முதல் நாள். மலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பெங்களூரில் பேய் மழை. மழை இப்படிக் கொட்டினால் எங்கள் டிஷ் ஆன்டெனாவுக்கு சிக்னல் வராது, தொலைநோக்கி நாங்கள் சொல்வதைக் கேட்காது. தெளிந்த வானத்தை அங்கே வைத்துக்கொண்டு, செத்துப்போன திரையைப் பார்த்தபடி இங்கே உட்கார்ந்திருந்தேன். அழுகையே வந்துவிட்டது. கேன்டீன் முனிரத்தினம் அண்ணன் டீயை மேஜையில் வைத்தார். ஜன்னல் வழியாக ஆன்டெனாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "அங்க காயுது, இங்க ஊத்துது, இதுக்குப் போய் ஏம்மா அழுவுறே? சொல்லு, நான் போயி அந்தச் சட்டிக்குக் குடை புடிக்கிறேன்."

சாக்கு

மிச்சமிருந்தது மறுநாள் மட்டும்தான். அன்று கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் செந்தில். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி வேலையை விட்டு எங்களிடம் சேர்ந்தவர், மதுரைக்காரர், ரோஷக்காரர். கம்பெனியில் ஆங்கிலம், தங்கியிருந்த பிஜி விடுதியில் தமிழ் என்று ஒரு கன்னட வார்த்தைகூடத் தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டியிருந்தார்.

விடியப் போகிற நேரம். கேமரா நாலாவது புள்ளியின் ஒளியைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மேகம் மூடுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்ததும் கெட்டுவிடும். நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது செந்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். என்ன என்றேன். எங்கள் திட்டத் தலைவர் வீட்டிலிருந்து போன் செய்தாராம். மலையில் மேகம் வருகிறது, நிறுத்தட்டுமா என்று இவர் கேட்க, சார் "சாக்கு, சாக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

சார் கன்னடக்காரர். கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று பொருள். நிறுத்து என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன், அப்போது திரையைப் பார்த்தேன். ஒளி இன்னும் குறையவில்லை, மேகம் வந்து சேரவில்லை. நிறுத்தினால் கையில் இருப்பது போதுமா? போதாது என்று உள்மனசு சொன்னது. வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேகம் வந்து மூடினால் சேர்த்ததெல்லாம் போச்சு. செந்திலுக்கு அந்தக் கவலையே இல்லை: "மேகம் வருதுன்னு நான் சாக்குச் சொல்றேனாம்ல! அந்த மேகமே வந்து கையெடுத்துக் கும்பிட்டாலும் இன்னைக்கு நான் நிறுத்துறதா இல்ல, மேடம்."

சொந்தம்

மேகம் மலையின் மறுபக்கமாகப் போய்விட்டது. மத்தியானம் சாரின் அறையில் நாலாவது புள்ளியின் ஒளி வரைபடத்தை விரித்தோம். புல் முளைத்தாற்போல் ஒரே ஒரு கோடு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தால், கேலக்ஸியின் தூரமேதான். நாலாவது புள்ளி சொந்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய கேலக்ஸியை நோக்கி இழுபட்டுக்கொண்டிருக்கும் சின்னக் கேலக்ஸி. சொன்னபோதே நிறுத்தியிருந்தால் இந்தக் கோடு சுற்றியிருந்த கிறுக்கல்களில் முங்கிப் போயிருக்கும். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அர்த்தம் தெரிந்ததும் செந்தில் நெளிந்தார், மன்னிப்புக் கேட்க எழுந்தே விட்டார். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கோட்டை இன்னொரு முறை பார்த்தார். என் வேலையை நீட்டிக்கும்படி அன்றைக்கே எழுதிப்போடுவதாகச் சொன்னார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் செந்திலிடம் சொன்னார்: "உக்காருப்பா. சாக்குன்னு நான் சொன்னா இங்க எல்லாரும் டக்குனு நிறுத்திடறாங்க, அதான் இத்தனை வருஷமா ஒண்ணும் கிடைக்கல. நீ மட்டும் தயவுசெய்து கன்னடம் கத்துக்காதே."

எத்தனையோ கோடி ஒளியாண்டுக்கு அப்பால் யார் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லிவிடுகிற எங்களுக்கு, கூட வேலை பார்க்கிறவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் இன்றுவரை ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.